கோல்லம் படத்துக்கு நான் போவேன், ஆனால் என் பயம் வேறு

"லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் வரிசையில் கோல்லமைத் தேடும் கதை 2027 டிசம்பரில் படமாக வருகிறதாம். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்கத் தோன்றுகிறது என்றால் நீங்கள் முதல் மூன்று படங்களைக் கொண்டாடியவர், அதே உலகத்தை வைத்துப் பின்னால் வந்த ஹாபிட் படங்களில் மனசு விட்டுப்போனவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான். ஆனாலும் முதல் நாளே போவேன்.

தீய சக்தி கொண்ட ஒரு மோதிரத்தை அழிக்கப் போகும் கதைதான் டோல்கீனின் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவல். அந்த மோதிரத்தை முன்பு வைத்திருந்து இழந்து, அதற்காகவே அலைகிற பரிதாபமான ஜீவன்தான் கோல்லம். இந்த உலகத்தை எனக்குக் காட்டியது என் அக்கா. அந்தத் தடிப் புத்தகத்தைப் படிக்கிற வயது எனக்கு வரும் முன்பே அவள் படித்து முடித்திருந்தாள். இரவில் விளக்கணைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சொல்வாள். படங்கள் வந்தபோது, அவள் சொன்னதெல்லாம் திரையில் அப்படியே நின்றது. 2003இல் வந்த மூன்றாம் படம் பதினொரு ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு பதினொன்றையும் வாங்கியதைத் தன் சொந்தப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள் 2014இல் கடைசி ஹாபிட் படம் முடிந்து வெளியே வந்ததும், "டேய், இனிமே இந்தப் பக்கமே நான் வரமாட்டேன்டா" என்றாள். சொன்னபடியே இருக்கிறாள். இதே உலகத்தைப் பற்றி 2024இல் வந்த ரோஹிரிம் அனிமேஷன் படத்துக்கு எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஹாபிட் என்பது முந்நூறு பக்க அளவிலான குழந்தைகள் புத்தகம். அதை இரண்டு படமாக எடுக்கவிருந்த கியர்மோ டெல் டோரோ 2010இல் விலகினார். முதல் மூன்று படங்களை இயக்கிய பீட்டர் ஜாக்சன் அவசரமாக உள்ளே வந்தார். 2012 ஜூலையில், முதல் படம் வெளிவர ஐந்தே மாதம் இருக்கும்போது, இரண்டு மூன்றானது. முன்தயாரிப்புக்குப் போதிய நேரமே கிடைக்கவில்லை என்பதை ஜாக்சனே பின்னால் படமாக்கம் பற்றிய காணொளிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நொடிக்கு 48 பிரேம் (வழக்கமாக 24) என்ற புது முறை வேறு. எனக்கு அது சினிமாவாகவே தெரியவில்லை, படப்பிடிப்புத் தளத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல இருந்தது.

இப்போது கோல்லம் படம் என்றதும் அக்கா கேட்டது இதுதான்: "அவன் தப்பிச்சிடுவான்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எதுக்குடா படம்?"

இங்கேதான் நான் அவளோடு மோதுகிறேன். இது அவன் பிடிபடுவானா, தப்பிப்பானா என்ற கதையே இல்லை. புத்தகத்தில் இது தனி அத்தியாயமாகக்கூட வராது. மந்திரவாதி காண்டால்ஃப் கொஞ்சம் சொல்வார், பின்னால் அரசனாகப் போகும் வீரன் அரகார்ன் கொஞ்சம் சொல்வான், மீதியை எல்ஃப் என்ற காட்டுவாசி இனத்தைச் சேர்ந்த லெகோலஸ் சொல்வான். மோதிரத்தைப் பற்றி விசாரிக்கக் காண்டால்ஃபும் அரகார்னும் கோல்லமை விட்டு விட்டு எட்டு ஆண்டுகள் தேடியிருக்கிறார்கள். அரகார்ன் நம்பிக்கை இழந்து திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான், சதுப்பு நிலத்தின் ஓரம் ஒரு சேற்றுக் குட்டைக்குப் பக்கத்தில் அந்த மெத்தென்ற காலடித் தடங்களைப் பார்க்கிறான். கோல்லம் அவனைக் கடிக்கிறான். பிறகு தான் செய்ததை அரகார்ன் தன் வாயாலேயே சொல்கிறான்: கோல்லமின் வாயைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, பட்டினியும் தாகமும் அடக்கும்வரை முன்னால் நடத்திக்கொண்டே போகிறான். தன் பயணத்திலேயே மிக மோசமான பகுதி அதுதான் என்றும் சொல்கிறான்.

அதை நினைத்துப் பாருங்கள். நாம் எல்லோரும் நேசிக்கிற அரகார்ன், எதிரியின் நாடான மோர்டோரில் ஏற்கெனவே சித்திரவதைப்பட்டு வந்த ஒரு ஜீவனை இப்படி இழுத்துக்கொண்டு போகிறான். அப்புறம் மிர்க்வுட் காட்டு எல்ஃப்கள் கோல்லமைச் சிறையிலேயே அடைத்து வைக்க மனம் வராமல், காட்டுக்குள் கூட்டிப்போய்த் தனியாக நிற்கும் ஒரு மரத்தில் ஏறிக் காற்று வாங்க விடுகிறார்கள். அந்தக் கருணைதான் தப்பிக்க வழி. ஒரு நாள் இரவு அவன் மரத்தை விட்டு இறங்க மறுக்கிறான். அதே இரவில் ஓர்க்குகள் என்ற கொடிய படையினர் தாக்குகிறார்கள், காவலர்கள் சாகிறார்கள், அவன் போய்விடுகிறான். கடைசியில் மோதிரம் அழிவதும் அவனால்தான். கொடுமை செய்தவன் நல்லவன், இரக்கம் காட்டியவர்கள் விலை கொடுக்கிறார்கள், அந்த இரக்கமே உலகைக் காப்பாற்றுகிறது. இதைவிடப் பெரிய கதை இந்த வரிசையில் இல்லை என்பது என் கருத்து.

என் பயமும் இதே இடத்தில்தான். அந்தக் கயிற்றைக் காட்ட அவர்களுக்குத் தைரியம் இருக்குமா? நாயகன் பெயர் கெட்டுவிடும் என்று அதை மழுப்பி, பதிலுக்கு நாலு துரத்தல், ஒரு பெரிய போர் என்று நிரப்பிவிடுவார்களோ என்றுதான் கலங்குகிறேன்.

உடனே "புத்தகத்தை வரிக்கு வரி எடுக்கச் சொல்லும் கோஷ்டி" என்று என்னை முத்திரை குத்த வேண்டாம். இரண்டாம் படத்தில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போருக்கு எல்ஃப் படை வருவது புத்தகத்தில் கிடையாது. அந்தக் காட்சியில் நான் அழுதிருக்கிறேன். மாற்றுவது தப்பில்லை, கதையின் உயிரை விட்டுவிட்டு மாற்றுவதுதான் தப்பு.

நம்பிக்கை என்றால் எனக்கு ஆண்டி செர்கிஸ்தான். இயக்குநரும் அவரே, கோல்லமும் அவரே. ஹாபிட் படங்களில் இரண்டாம் குழுவை இயக்கிய அனுபவம் உண்டு. ஆனால் எனக்கு முக்கியம் அதுவல்ல. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் முழுவதையும் 2021இல் ஒலிப்புத்தகமாக வாசித்தவர் அவர். கயிறு வரும் அந்தப் பத்தியையும் அவரே அரகார்னாக உரக்கப் படித்திருக்கிறார். நான் கேட்டிருக்கிறேன். அந்த வரிகளை வாயால் சொன்ன மனிதர் அவற்றை மறந்துவிட்டுப் படம் எடுப்பார் என்று நம்ப முடியவில்லை. ஜாக்சனும் தயாரிப்பாளராகக் கூட இருக்கிறார்.

இதே கதையை 2009இலேயே ரசிகர்கள் சொற்பக் காசில் குறும்படமாக எடுத்து இணையத்தில் இலவசமாக விட்டார்கள். 2024இல் பெரிய படத்தின் அறிவிப்பு வந்த கையோடு, காப்புரிமைப் புகாரால் அது யூடியூபில் முடக்கப்பட்டது. ரசிகர்கள் கொந்தளித்த பிறகுதான் திரும்ப வந்தது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரசிகனை மதிக்காத விஷயம் என்று பேச்சு வந்துவிட்டது, இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று படங்களின் வட்டுத் தொகுப்பை, நீட்டிக்கப்பட்ட பதிப்பு என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு ஒருவர் இணையத்தில் விற்றார். அக்காவின் பிறந்தநாளுக்காக வாங்கினேன். உள்ளே இருந்தது திரையரங்குப் பதிப்பு. மூன்றாம் படத்தில் மட்டும் ஐம்பது நிமிடம் குறைவு, வில்லன் மந்திரவாதி சாருமானின் முடிவே அதில் கிடையாது. திருப்பி எடுக்கச் சொன்னால், "உறையைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம்" என்று பதில். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எத்தனை மின்னஞ்சல் அனுப்பியும் பணம் வரவில்லை. ரசிகன்தானே, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்ற அந்த நினைப்பைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முந்நூறு பக்கத்தை மூன்று படமாக்கியபோதும் எனக்கு இந்த ஆத்திரம்தான் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படம் வருவதற்குள் லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் முதல் தொகுதியை எடுத்து, அதற்குள் இருக்கும் முதல் நூலின் இரண்டாம் அத்தியாயத்தையும், இரண்டாம் நூலின் இரண்டாம் அத்தியாயத்தையும் படித்துவிடுங்கள். கோல்லம் வேட்டையைப் பற்றிய முக்கியமானதெல்லாம் அந்த இரண்டில்தான் இருக்கிறது. படித்த பிறகும் "தெரிந்த முடிவுக்கு எதற்குப் படம்" என்று தோன்றினால் கருத்தில் எழுதுங்கள், பேசலாம். ஹாபிட் படங்களில் புத்தகத்தில் இல்லாத டாரியேல் பாத்திரம் தேவையா என்று சண்டை போட நினைப்பவர்கள் தயவுசெய்து தனிக் கேள்வி கேளுங்கள். அதற்கும் என்னிடம் நீளமான பதில் இருக்கிறது.