வில்லுப்பாட்டு தாத்தா பேசுனதை தீசிஸ்ல எப்படி போட?

அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா: "அண்ணாச்சி, நான் தமிழ்ல பிஎச்டி பண்ணுதேன், வில்லுப்பாட்டுதான் தலைப்பு. வில்லுப்பாட்டை முன்னால நின்னு பாடுத ஒரு அண்ணாவி தாத்தாகிட்ட போன்ல ரெக்கார்ட் பண்ணுனது ரெண்டு மணி நேரம் இருக்கு, யூடியூப்ல ஒரு சொற்பொழிவு இருக்கு, எங்க ஆச்சி அனுப்புன வாட்ஸ்அப் வாய்ஸ் ஒண்ணு இருக்கு. இதையெல்லாம் எழுத்துல கொண்டுவரணும், ஆதாரமும் காட்டணும். கைடு 'ஏபிஏல போடு'ன்னு, ஆதாரம் காட்டுத ஒரு முறையோட பேரை மட்டும் சொல்லி ஒத்த வார்த்தைல முடிச்சிட்டாவ. எங்க இருந்து ஆரம்பிக்க?"

முதல்ல டைப் அடிக்கதை நிறுத்தும்மா. போன்ல இருக்க ஒரிஜினல் ஃபைலை அப்படியே ரெண்டு இடத்துல காப்பி போடு, ஒண்ணு பென் டிரைவ்ல, ஒண்ணு கூகுள் டிரைவ்ல. ஃபைல் பேர்ல தேதி, ஊரு, தாத்தா பேரு மூணும் இருக்கணும், "நியூ ரெக்கார்டிங் 14"னு விட்டுட்டா ஆறு மாசத்துல உனக்கே தெரியாது. இதை ஏன் முதல்ல சொல்லுதேன்னா நான் பட்டது அப்படி. அந்தக் காலத்துல சீவலப்பேரி பக்கம் ஒரு பெரியவர்ட்ட கேசட்ல பதிஞ்சேன், எழுதி முடிச்சாச்சேன்னு கேசட்டை அலமாரில போட்டுட்டேன், வீட்டுல சின்னவன் அதுமேல சினிமா பாட்டை பதிஞ்சு வச்சுட்டான். வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, "இந்த வரியை அவரு இப்படித்தான் சொன்னாரா, போட்டுக் காட்டுங்க"ன்னு கேட்டப்போ நான் முழிச்ச முழி இருக்கே!

இனிமே ரெக்கார்ட் பண்ணப் போனா ஒண்ணு செய்யி. ஆரம்பத்துலயே தேதியும் ஊரும் சொல்லி, தாத்தா பேரு வயசு கேட்டு, "ஆராய்ச்சில போட்டுக்கிடலாமா தாத்தா?"ன்னு கேட்டு அவரு சரின்னு சொல்லுததும் பதிவுலயே விழணும். போனை குடத்துக்கும் உடுக்கைக்கும் பக்கத்துல வைக்காத, அடி விழுந்தா பேச்சு அமுங்கிப் போகும். கூட பாடுதவங்க இல்லாம தனியா உக்காந்து பேசுதப்போ எடுத்தா இன்னும் நல்லது.

இப்ப எழுத்தாக்கம். ஒரு மணி நேர பேச்சுக்கு எனக்கு அஞ்சாறு மணி நேரம் ஆகும், உனக்கும் அப்படித்தான் ஆகும், மலைச்சுப் போகாத. வாய்ஸ் டைப்பிங்ல போட்டு எடுக்கலாமான்னு நிறைய பேரு கேக்காங்க. ஆரம்பிச்சு வைக்க உதவும், ஆனா நம்ம ஊரு "சொல்லுதாவ" அங்க போயி "சொல்றாங்க"ன்னு மாறி வந்து நிக்கும், வரிக்கு வரி காதால கேட்டு சரிபார்க்காம விடவே கூடாது.

பெரிய தப்பு நடக்குததும் இங்கதான். உதாரணத்துக்கு கோயில் கொடையைப் பத்தி தாத்தா இப்படி சொல்லுதாருன்னு வச்சுக்க: "அன்னைக்கெல்லாம் கொடைன்னா மூணு நாளு, ஊர்ல எவ வீட்டுலயும் அடுப்பு பத்த வைக்கமாட்டா, தெரியுமாட்டீ?" பிள்ளைங்க என்ன செய்யுதுங்க, "முற்காலத்தில் கொடை விழா மூன்று நாட்கள் நடைபெற்றது"ன்னு எழுதி அதுக்கு மேற்கோள் குறி வேற போட்டுருதுங்க. அடுப்பு எங்க போச்சு? ஊரே ஒரே பந்தியில சாப்பிட்ட கதை அந்த அடுப்புலதானே இருக்கு. அந்த "டீ"யும் முக்கியம், பேத்தி வயசு பிள்ளைகிட்ட பேசுத உரிமை அது. மேற்கோளுக்குள்ள தாத்தா வாய்மொழி அப்படியே இருக்கட்டும், அதுக்கு வெளிய உன் விளக்கத்தை எழுத்துத் தமிழ்ல எழுதிக்க. புரியாத இடத்துல ஊகிச்சு நிரப்பாத, [தெளிவில்லை 12:40]னு நேரத்தோட போட்டுரு. நீயா சேர்த்த வார்த்தை எல்லாம் சதுர அடைப்புக்குள்ள, விட்டது புள்ளி மூணு.

யாரோட எழுத்துல பேச்சு நமக்கு வந்து சேருதுங்கறது சின்ன விஷயம் இல்ல. 1908ல தூத்துக்குடில வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசுனதுக்குத்தான் கேசு, திருநெல்வேலி கோர்ட்டுல போலீஸ்காரங்க எடுத்த குறிப்பைத்தான் சாட்சியமா வச்சாங்க, வ.உ.சி.க்கு ரெண்டு ஆயுள் தண்டனை சேர்த்து 40 வருஷம், சிவாவுக்கு 10 வருஷம்னு ஜட்ஜ் பின்ஹே தீர்ப்பு எழுதுனாரு. இன்னைக்கு நீ அந்தப் பேச்சுல ஒரு வரி எடுத்தா "வ.உ.சி. சொன்னாரு"ன்னு மட்டும் எழுதுனா பத்தாது, எந்தப் பதிவுல இருந்து, அதை எந்தப் புத்தகத்துல பார்த்தேன்னும் சொல்லணும். புத்தகத்துல பார்த்துட்டு கோர்ட் ஆவணத்தையே பார்த்த மாதிரி போடுதது சுத்த பொய்.

சரி, ஏபிஏக்கு வருவோம். ஏழாவது பதிப்புப்படி ஆய்வுக்குன்னு நீயே எடுத்த பேட்டி ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல வராது, ஏன்னா படிக்கவன் தேடிப் போயி எடுக்க முடியாத சரக்கு அது. உரைக்குள்ளயே இவரு என் தகவலாளர்னு தெரியுத மாதிரி எழுதிட்டு, பின்னிணைப்புல தகவலாளர் பட்டியல் போடு: பேரு, வயசு, ஊரு, தொழில், பேட்டி எடுத்த நாள். பேரு வேண்டாம்னு சொன்னவங்களுக்கு தகவலாளர் 1, 2ன்னு எண் போதும். எம்எல்ஏன்னு ஆதாரம் காட்டுத இன்னொரு முறை இருக்கு, அதுல கதையே வேற, அங்க பேட்டியும் பட்டியல்ல ஏறும், அதனால ரெண்டையும் கலக்காத.

யூடியூப்ல ஒரு குழப்பம் இருக்கு. ஏபிஏல வீடியோவை ஏத்துன சேனல்தான் ஆசிரியர் இடத்துல வரும், பேசுனவரு இல்ல. அதனால பேசுனவரு பேரை உன் வாக்கியத்துல கொண்டு வா, அடைப்புக்குள்ள சேனல் பேரு, வருஷம், நிமிஷம். நிமிஷம் போடாம ஒரு மணி நேர வீடியோவைக் காட்டுதது, பக்க எண் இல்லாம புத்தகத்தைக் காட்டுத மாதிரி. வெட்டி ஒட்டி வேற எவனோ ஏத்துனதை எடுக்காம, முழுப் பேச்சு இருக்க சேனலைத் தேடு.

பேர்ல இன்னொரு வம்பு. நம்ம ஆளுங்களுக்கு குடும்பப் பேரு கிடையாது, ரெஃபரன்ஸ் லிஸ்ட் போடுத சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. நாட்டுப்புறப் பாட்டை ஆராய்ஞ்ச நா. வானமாமலை பேரை அடிச்சு பட்டியலை ஒருதரம் பாரு, "வானமாமலை, நா."ன்னு வரணும், தலைகீழா வந்துச்சுன்னா கையால திருத்து.

காப்பி பர்சன்டேஜ் பயமும் உனக்கு இருக்கும். 2018ல யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட விதில அடுத்தவங்க எழுத்தோட ஒத்துப்போகுதது 10 சதவீதம் வரைக்கும்னா தண்டனை இல்ல, ஆதாரம் காட்டி எடுத்த மேற்கோளையும் அந்தக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. அதனால தாத்தா பேச்சை வார்த்தை மாத்தி மாத்தி எழுதி மறைக்க வேண்டிய அவசியமே இல்ல.

கடைசியா ஆச்சி வாய்ஸ். நீ ஆய்வுக்காக கேள்வி கேட்டு அவங்க அனுப்புனதுன்னா ஆச்சியும் தகவலாளர்தான், பட்டியல்ல ஏத்து. சும்மா பேச்சுவாக்குல வந்ததுன்னா தனிப்பட்ட தகவல் தொடர்புன்னு பேரும் நாளும் உரைக்குள்ள போட்டா போதும். ரெண்டுல எதுன்னாலும் ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு, இல்லன்னா புத்தகமா வந்தப்புறம் "என்னைய கேக்காம எப்படிட்டீ போட்டே?"ன்னு ஏறிருவாவ.