செலவழிக்க யாரைக் கேட்க வேண்டும்? டிஜிட்டல் நாணயம் பற்றி வாசகர் கேள்விகள்

மத்திய வங்கிகள் நேரடியாக வெளியிடும் டிஜிட்டல் நாணயம் அன்றாடச் செலவுச் சுதந்திரத்தை எப்படிப் பாதிக்கும் என்று கேட்டு வாசகர்கள் எழுதியவற்றுள் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: இப்போதே கைப்பேசியில்தான் எல்லாவற்றுக்கும் பணம் செலுத்துகிறேன். அரசு தனியாக ஒரு டிஜிட்டல் நாணயம் வெளியிட்டால் எனக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது?

பதில்: திரையில் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் மாறாது. அந்தத் தொகையை உங்களுக்குத் தர வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதுதான் மாறுகிறது. இன்று செயலி வழியாக நீங்கள் அனுப்புவது ஒரு வணிக வங்கியிலுள்ள உங்கள் இருப்பு. அந்த வங்கி நொடித்துப்போனால் காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு உத்தரவாதம் கிடையாது. 2013இல் சைப்ரஸின் இரண்டு பெரிய வங்கிகளில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு நேர்ந்தது இதுதான். டிஜிட்டல் நாணயத்துக்கோ, கையிலுள்ள நோட்டைப் போலவே, மத்திய வங்கியே பொறுப்பு. பஹாமாஸ் 2020 அக்டோபரில் சாண்ட் டாலர் என்ற பெயரிலும், நைஜீரியா ஓராண்டு கழித்து இ-நைரா என்ற பெயரிலும் இதை வெளியிட்டன. இந்தியாவில் ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கான இ-ரூபாய் சோதனையை 2022 டிசம்பர் 1 அன்று தொடங்கியது.

ஆக, பணம் பறிபோகாது என்ற வகையில் இது வங்கி இருப்பைவிடப் பாதுகாப்பானது. ஆனால் நோட்டை நீட்டும்போது கொடுக்கல் வாங்கல் இருவருக்குள் முடிந்துவிடுகிறது. டிஜிட்டல் நாணயத்தில் இணையம் வழியாக நீங்கள் பொத்தானை அழுத்துவது ஒரு விண்ணப்பம் மட்டுமே, வேறெங்கோ உள்ள பேரேடு அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால்தான் பணம் கைமாறும். வங்கிச் செயலியிலும் இதேதான் நடக்கிறது என்றாலும், வேண்டாமென்றால் நோட்டை எடுத்துக்கொள்ளலாம் என்ற மாற்றுவழி இன்று இருக்கிறது. அந்த மாற்றுவழி நிலைக்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: நான் என்ன வாங்குகிறேன், யாருக்குப் பணம் கொடுக்கிறேன் என்பதையெல்லாம் அரசு பார்க்க முடியுமா?

பதில்: பார்க்கும்படியும் அமைக்கலாம், பார்க்க முடியாதபடியும் அமைக்கலாம். இரண்டாவது சாத்தியமே இல்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். டேவிட் சாம் என்ற கணிப்பொறி அறிஞர் 1982இலேயே அதற்கான வழியைக் காட்டிவிட்டார். அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. உள்ளே கார்பன் தாள் வைத்த உறை ஒன்றில் ஓர் எண்ணை எழுதிய தாளை இட்டு ஒட்டி வங்கியிடம் கொடுக்கிறீர்கள். வங்கி உங்கள் கணக்கில் தொகையைக் கழித்துக்கொண்டு உறையின் மேல் கையெழுத்திடுகிறது. கையெழுத்து உள்ளே இருக்கும் தாளில் பதிகிறது, ஆனால் எண் வங்கியின் கண்ணில் படவில்லை. நீங்கள் உறையைப் பிரித்துத் தாளைக் கடைக்காரரிடம் கொடுக்கிறீர்கள். அவர் வங்கியிடம் கொண்டுபோகும்போது, கையெழுத்து தன்னுடையதுதான், இந்த எண் இதற்கு முன் செலவாகவில்லை என்பது வரை வங்கிக்குத் தெரியும், யாருக்குக் கொடுத்த தாள் என்பது மட்டும் தெரியாது. கணிதத்தில் இதை அப்படியே செய்ய முடியும். இம்முறையில் பணம் கொடுப்பவர் மறைந்திருக்கிறார், வாங்குபவர் மறைவதில்லை; ஆகவே வணிகர் வருமானத்தை ஒளிக்க இது உதவாது. சாம் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் திவாலானது என்றாலும், மத்திய வங்கிகளின் கூட்டமைப்பான பன்னாட்டுத் தீர்வு வங்கி, டூர்பியோன் என்ற திட்டத்தில் இதே கருத்தை எடுத்துச் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது.

நடைமுறையில் பெரிய நாடுகள் இவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லை. சீனாவின் கொள்கை, சிறு தொகைக்கு மறைவு, பெருந்தொகைக்குத் தடம் என்பது. அங்கே, நாணயத்தை வைத்துச் செலவிடும் கணக்கான டிஜிட்டல் பணப்பையில் மிகக் கீழ்நிலையானதைக் கைப்பேசி எண்ணை மட்டும் கொடுத்துத் திறக்கலாம். ஆனால் அந்த எண்ணே உண்மைப் பெயரில் பதிவானது என்பதால் இந்த மறைவு எந்த அளவுக்கு மறைவு என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் முன்வைத்த சட்ட வரைவின்படி, இணையம் இல்லாமல் செய்யும் சிறு கட்டணங்களின் விவரம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும். இணைய வழிக் கட்டணங்களுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. ஐரோப்பிய மத்திய வங்கி நடத்திய கருத்துக்கேட்பின் முடிவுகள் 2021இல் வந்தபோது, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களில் 43 சதவீதம் அந்தரங்கத்தையே முதல் தேவையாகக் குறிப்பிட்டிருந்தன.

கேள்வி: காலாவதியாகும் பணம், குறிப்பிட்ட பொருளை மட்டும் வாங்க அனுமதிக்கும் பணம் என்றெல்லாம் சொல்கிறார்களே, இது வெறும் பயமுறுத்தலா?

பதில்: முழுவதும் பயமுறுத்தல் அல்ல. 2020 அக்டோபரில் ஷென்ஜென் நகரில் குலுக்கலில் தேர்ந்த 50,000 பேருக்குத் தலா 200 யுவான் டிஜிட்டல் நாணயமாகக் கொடுக்கப்பட்டது. குறித்த நாளுக்குள் செலவிடாத தொகை திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது. அது இலவசமாகக் கொடுத்த தொகை, யாருடைய சம்பளமும் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மானியமோ உதவித்தொகையோ இன்ன செலவுக்குத்தான் என்று குறித்துக் கொடுப்பது பழைய பழக்கம். கூப்பன்கள் அதைத்தான் செய்தன. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் அதே நிபந்தனை ஏறினால்தான் விஷயம் வேறாகிறது. மேலே குறிப்பிட்ட ஐரோப்பிய வரைவு, டிஜிட்டல் யூரோ நிபந்தனைகள் பதிக்கப்பட்ட பணமாக இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்திலும் அப்படியொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதிகாரிகளின் பேட்டியில் வரும் உறுதிமொழி அதற்கு ஈடாகாது.

கேள்வி: அரசுக்குப் பிடிக்காதவர்களின் பணத்தை முடக்கிவிட முடியாதா?

பதில்: முடியும், அதற்கு டிஜிட்டல் நாணயம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2022 பிப்ரவரியில் கனடாவில் லாரி ஓட்டுநர்களின் போராட்டம் நடந்தபோது, நெருக்கடிநிலைச் சட்டத்தின் கீழ், நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமலே வங்கிகள் கணக்குகளை முடக்கின. அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியது நியாயமற்றது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தபோது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

டிஜிட்டல் நாணயத்தால் கூடுவது வேகமும் எளிமையும். இன்று ஓர் உத்தரவு பல வங்கிகளின் கைகளைக் கடந்து போகிறது. அந்தத் தாமதத்தில்தான் சில தவறுகள் பிடிபடுகின்றன. ஒரே பேரேட்டில் எல்லோருடைய பணப்பையும் இருந்தால் ஒரு வரியை மாற்றினால் போதும். பெரும்பாலானோருக்கு நேரக்கூடியது அரசியல் பழிவாங்கல் அல்ல, பெயர்க் குழப்பமோ தவறான சந்தேகமோதான் என்று நான் கருதுகிறேன். அப்படிச் சிக்கியவர் சந்தேகம் தீரும் வரை வாடகையும் மருந்துச் செலவும் எதிலிருந்து கொடுப்பார் என்பதற்கு விதிகளில் விடை இருக்க வேண்டும். எழுத்துமூல உத்தரவு, குறுகிய காலக்கெடு, பிழைப்புக்கான ஒரு தொகையை முடக்காமல் விடுவது ஆகியவை இல்லாத சட்டத்தை ஏற்கத் தேவையில்லை.

கேள்வி: அமெரிக்கா இதைத் தடுத்துவிட்டதாமே. அப்படியானால் தனியார் டிஜிட்டல் டாலர்கள் பாதுகாப்பானவையா?

பதில்: 2025 ஜனவரி 23 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, அரசு அமைப்புகள் டிஜிட்டல் நாணயம் வெளியிடுவதைத் தடுத்தது, காரணங்களில் ஒன்றாகத் தனிநபர் அந்தரங்கத்தைக் குறிப்பிட்டது. அதே ஆணை, டாலர் மதிப்போடு கட்டப்பட்ட தனியார் ஸ்டேபிள்காயின்களை ஊக்குவிக்கவும் செய்தது. டெதர், யுஎஸ்டிசி போன்றவற்றை வெளியிடும் நிறுவனங்கள் எந்த முகவரியையும் (அதாவது அவற்றை வைத்திருப்பவரின் கணக்கு எண்ணை) முடக்கும் வசதியை வைத்திருக்கின்றன, பயன்படுத்தியும் இருக்கின்றன. அனுமதி கேட்க வேண்டிய ஆள்தான் மாறியிருக்கிறார்.

கேள்வி: பணப்பையில் இவ்வளவுதான் வைக்கலாம் என்று ஏன் உச்சவரம்பு விதிக்கிறார்கள்?

பதில்: வங்கிகளைக் காப்பாற்றுவதற்காக. நெருக்கடி வந்தால் எல்லோரும் ஒரே நாளில் வைப்புத்தொகையை மத்திய வங்கிப் பணமாக மாற்றிக்கொண்டால் வங்கிகள் தாங்காது. இங்கிலாந்து வங்கி 2023இல் 10,000 முதல் 20,000 பவுண்டு வரையிலான வரம்பை முன்மொழிந்தது.

கேள்வி: வயதான என் தாயாரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. நோட்டு ஒழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். நான் இப்போதே இந்தப் பணப்பையைத் திறக்கலாமா?

பதில்: அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. நைஜீரியாவில் 2023 தொடக்கத்தில் பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றபோது புதிய நோட்டுகள் போதாமல் மக்கள் பரிதவித்தார்கள். இ-நைரா வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தும், திறக்கப்பட்ட பணப்பைகளில் பெரும்பாலானவை பயன்பாடின்றிக் கிடந்தன. பழைய நோட்டுகள் ஆண்டு இறுதி வரை செல்லும் என்று கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. கிழக்குக் கரீபியத் தீவுகளின் டிஜிட்டல் நாணயமான டிகேஷ் 2022 ஜனவரியில், ஒரு மென்பொருள் சான்றிதழ் காலாவதியானதால், ஏறக்குறைய இரண்டு மாதங்கள் நின்றுபோனது. நோட்டு புழக்கத்தில் இருந்ததால் வாழ்க்கை நின்றுவிடவில்லை. ரொக்கமாகச் செலுத்தும் உரிமையை ஸ்லோவாக்கியா 2023இல் அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

பணப்பையைத் திறப்பதில் தவறில்லை. சில நாள் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் வைத்திருங்கள். இணையமின்றிச் செலுத்தும் வசதி இருந்தால் ஒன்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: அந்தத் தொகை கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் அமைப்பானால், கைப்பேசி தொலைந்தால் நோட்டு தொலைந்த மாதிரிதான், யாராலும் திருப்பித் தர முடியாமல் போகலாம்.