பாயின்ட் லோபோஸ் போகும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கலிஃபோர்னியாவில் கார்மெல் ஊரைத் தாண்டி ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஐந்து கிலோமீட்டர் போனால், கடல் பக்கமாக பாயின்ட் லோபோஸ் மாநில இயற்கைக் காப்பகத்தின் வாசல் வரும். பாறைகளும் சிறு குடாக்களும் நிறைந்த அந்தக் கரையில் நான் பல ஆண்டுகளாக நடந்து வருகிறேன். அங்கே போகத் திட்டமிடும் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஃப்ரீமான்ட்ல இருந்து சனிக்கிழமை கிளம்பறோம். மான்டரே அக்வேரியம், 17 மைல் டிரைவ், லோபோஸ், பிக்ஸ்பி பாலம் எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்துட முடியுமா?

வேண்டாம். அப்படிப் போனால் நாளில் பாதி காருக்குள்ளேயே போய்விடும். லோபோஸுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மீதி நேரத்துக்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிக்ஸ்பி பாலம் அங்கிருந்து தெற்கே சுமார் 16 கிலோமீட்டர்தான்.

வாசல் காலை எட்டு மணிக்குத் திறக்கும். உள்ளே நிறுத்த இடம் கொஞ்சம்தான். வார இறுதியில் பத்து மணிக்கெல்லாம் நிரம்பிவிடும், அதன் பிறகு ஒரு கார் வெளியே வந்தால்தான் இன்னொன்று உள்ளே போகலாம். எட்டு மணிக்கு வாசலில் நிற்பதுபோலக் கிளம்புங்கள். கட்டணம் கடைசியாக நான் பார்த்தபோது காருக்கு 10 டாலர், நடந்து நுழைந்தால் இலவசம். ஆனால் குழந்தைகளோடு நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வருவதை நான் சொல்ல மாட்டேன், வண்டிகள் அங்கே வேகமாக வரும்.

அண்ணா, அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி. அவங்களால பார்க்க முடியுமா?

தாராளமாக. இந்தக் காப்பகத்தின் பெரிய நன்மையே கரைக்கு மிக அருகில் கார் போவதுதான். தெற்குக் கரையோரச் சாலையில் ஆங்காங்கே ஒதுங்கி நிறுத்த இடம் உண்டு. இறங்கி நாலு எட்டு வைத்தால் அலை பாறையில் மோதுவதைப் பார்க்கலாம். சாலை முடிகிற இடத்தில் பறவைத் தீவுப் பாதை தொடங்குகிறது. அதில் சிறிது தூரம் போனால் சைனா கோவ் கீழே தெரியும்: பாறைகளுக்கு நடுவே பச்சை நீர், ஓரத்தில் வெண்மணல். பாதை பெரும்பாலும் சமதளம். படி இல்லாத வழி எதுவென்று அங்கிருக்கும் தன்னார்வலர்களிடம் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள். கடலோரக் காற்று ஊசியாகக் குத்தும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காது மூடும் குல்லாவும் கட்டாயம்.

சைப்ரஸ் மரத்தை எங்க அபார்ட்மென்ட் வேலியிலயே பாக்கறோம். அதுக்காக அவ்வளவு தூரம் போகணுமா?

போக வேண்டும். மான்டரே சைப்ரஸை உலகம் முழுக்க நட்டிருக்கிறார்கள், ஆனால் அது மனிதக் கை படாமல் தானாக வளரும் காடு இரண்டே இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. ஒன்று லோபோஸில், மற்றொன்று கார்மெல் வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம், பெபிள் பீச்சில். கருங்கல் பிளவுகளில் வேர் ஊன்றி, உப்புக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோடையில் மழையே இல்லாதபோது பனிமூட்டத்தின் ஈரத்தைத் துணையாகக் கொண்டு நிற்கிற மரங்கள் இவை. வேலியில் கத்தரித்து விட்ட மரத்தைப் பார்த்து இதை ஊகிக்கவே முடியாது.

சைப்ரஸ் தோப்புப் பாதை ஒன்றேகால் கிலோமீட்டர் சுற்று. அதன் வடபுறத்தில் காய்ந்த கிளைகளிலும் பாறைகளிலும் காவி நிறத்தில் வெல்வெட் போல ஏதோ படர்ந்திருக்கும். பலர் அதை மரத்துக்கு வந்த நோய் என்று நினைக்கிறார்கள். அது ஒரு பச்சைப் பாசி, காரட்டில் உள்ள கரோட்டின் நிறமி அதை ஆரஞ்சாகக் காட்டுகிறது. மரத்துக்கு அதனால் கெடுதல் இல்லை.

இந்த இடம் ஒரு காலத்தில் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1898-இல் இங்கே நிலம் வாங்கிய அலெக்சாண்டர் ஆலன், விற்றுப்போன மனைகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். 1933-இல் மாநிலம் இதை வாங்கிக் காப்பாற்றியது. தோப்பு ஆலன் பெயரில்தான் இருக்கிறது. அவர் மட்டும் அன்று மனைகளை மீட்காமல் இருந்திருந்தால், இன்று நாம் யாருடைய வீட்டு மதில் சுவரையோதான் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்.

கடல்நீர்நாய் பாக்கணும்னு பையன் ஒரே பிடிவாதம். எங்க நின்னா தெரியும்?

வேலர்ஸ் கோவ் என்ற குடாவின் பக்கம், கெல்ப் என்னும் பெரிய கடற்பாசி மிதக்கும் இடங்களைப் பாருங்கள். கெல்ப்பின் பழுப்புக் குமிழ்களும் நீர்நாயின் தலையும் தூரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அசையாமல் மல்லாந்து கிடந்து, இரண்டு பாதங்களும் நீருக்கு மேலே தெரிந்தால் அது நீர்நாய். பெரும்பாலும் பாசியை உடம்பில் சுற்றிக்கொண்டு தூங்கும், இல்லாவிட்டால் நீரோட்டம் இழுத்துப் போய்விடும். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

பையனிடம் இதையும் சொல்லுங்கள். மென்மயிருக்காக வேட்டையாடி, கலிஃபோர்னியாவில் இந்த இனமே அழிந்துவிட்டதாகப் பலரும் நம்பியிருந்தார்கள். 1938-இல் பிக்ஸ்பி ஓடை கடலில் சேரும் இடத்தருகே ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. இந்தக் கரையில் இன்று நாம் பார்ப்பவை அப்படித் தப்பிப் பிழைத்தவற்றின் வழிவந்தவை. கெல்ப்பைத் தின்னும், உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலிகளை (sea urchin) நீர்நாய்கள் தின்பதால் கெல்ப் காடும் பிழைக்கிறது. லோபோஸ் கரையை ஒட்டிய கடற்பகுதி 1960-இலேயே காப்பகத்தோடு சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் முதல் நீரடிக் காப்பகம் அது. அங்கே மீன் பிடிக்கவோ சிப்பி எடுக்கவோ அனுமதி இல்லை.

எந்த மாசம் நல்லது?

வானம் தெளிவாக இருக்க செப்டம்பர், அக்டோபர். காட்டுப்பூக்களுக்கு வசந்தம். சாம்பல் திமிங்கிலங்கள் டிசம்பர் முதல் மே வரை கடந்து போகும். ஜூன், ஜூலையில் பனிமூட்டம் அதிகம், பள்ளி விடுமுறையில் வருபவர்கள் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். படம் எடுப்பவர்களுக்கு மட்டும் அந்த மூட்டம் வரம்: சைப்ரஸ் தோப்பில் அப்போது கிடைக்கும் ஒளி வேறு எப்போதும் கிடைக்காது. ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் போகலாமா?

போகலாம், ஆனால் சாப்பிடுவதற்கென்று மூன்று இடங்கள் இருக்கின்றன: வேலர்ஸ் கோவ், பைனி வுட்ஸ், பறவைத் தீவு கார் நிறுத்தம். பாதையில் உட்கார்ந்து பிரிக்க வேண்டாம். அணிலுக்கோ கடற்காக்கைக்கோ ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். வேலர்ஸ் கோவ் பக்கம் சாப்பிட்டால் பக்கத்துச் சிறு வீட்டையும் பாருங்கள். 1850-களில் சீன மீனவர்கள் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். தரைக்கு அடியில் திமிங்கில முதுகெலும்பு முட்டுக்கொடுத்திருக்கிறது. அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியத் திமிங்கில வேட்டைக்காரர்களும், அபலோனி சிப்பி எடுத்த ஜப்பானியர்களும் பிழைப்பு நடத்திய குடா அது.

பிள்ளைங்க பாறையில இறங்கி விளையாடலாமா?

அனுமதி உள்ள இடத்தில், உங்கள் கை எட்டும் தூரத்தில் மட்டும். வெஸ்டன் பீச்சில் பாறைக் குட்டைகளைப் பார்க்கலாம். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவே கூடாது. அமைதியாக இருக்கும்போதே திடீரென ஒரு பெரிய அலை ஏறி வந்து ஆளை இழுத்துவிடும், தண்ணீரோ சில நிமிடங்களில் கை கால் விறைக்கும் குளிர். வழியில் கம்பி கட்டியிருந்தால் தாண்டாதீர்கள், ஒரு நல்ல படத்துக்காகக்கூட. பாதை ஓரத்தில் மும்மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டால் நாள்கணக்கில் அரிக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் மணலில் சீல் குட்டி தனியே கிடக்கலாம். தாய் இரைதேடப் போயிருக்கும், திரும்பி வரும். கிட்டே போகாதீர்கள், ஆள் நின்றால் தாய் கரையேறாது.

எங்க நாய்க்குட்டியைக் கார்லயே விட்டுட்டு சுத்திப் பாக்கலாமா?

முடியாது. காருக்குள் இருந்தாலும் நாயோடு உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள். கூட்டித்தான் வர வேண்டும் என்றால், உங்களில் ஒருவர் அதைக் கார்மெல் கடற்கரையில் வைத்துக்கொள்ளட்டும், அங்கே நாய்களுக்கு அனுமதி உண்டு. பிறகு ஆள் மாற்றிக்கொள்ளலாம்.