வீட்டு வாசலுக்கு என்ன மரம் வாங்கலாம்?

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் புதுவீடு கட்டியிருக்கிறோம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே 15 அடி மணல்தரை. கடற்காற்று நேராக அடிக்கும். நர்சரியில் பத்தடி உயர குல்மோஹரைக் காட்டி, சீக்கிரமே நிழல் தரும் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, கடலூர்)

பதில்: வேண்டாம். குல்மோஹர் வேகமாக வளரும், ஆனால் கிளை எளிதில் முறியும், வேர் மேலாகவே ஓடும், தலை குடைபோல் விரிந்து காற்றை வாங்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பலா, முந்திரித் தோப்புகளையே சாய்த்துப் போட்ட மாவட்டம் நம்முடையது. மணல்தரையில், சுவருக்கு ஏழெட்டு அடியில் இந்த மரம் ஆபத்து.

உப்புக்காற்றைத் தாங்குவதில் புன்னைக்கும் பூவரசுக்கும் ஈடில்லை. ஆனால் புன்னை அகலமாகப் படரும், 20 அடிக்குமேல் இடமிருந்தால் மட்டும் வையுங்கள். உங்கள் 15 அடிக்கு மகிழம் பொருந்தும். மெதுவாகத்தான் வளரும், ஆனால் கட்டை உறுதியானது, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாலும் தாங்கும். உதிர்ந்து காய்ந்த பூவிலும் மணம் போகாது.

மூன்று, நான்கடிக் கன்றே போதும். உயரமான கன்று மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றிருந்தால் பையைத் துளைத்துத் தரைக்குள் வேர்விட்டிருக்கும். விற்கும்போது பிடுங்குவதில் முக்கிய வேர் அறுந்துவிடும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். தடித்த வேர் வெட்டுப்பட்டிருந்தாலோ, பைக்குள் வேர் வளையமாகச் சுற்றியிருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். கட்டிய குச்சியை அவிழ்க்கச் சொல்லுங்கள். தண்டு தானாக நிற்க வேண்டும்.

ஆவணியில் நட்டால் கார்த்திகைப் புயலுக்குள் வேர் பிடித்துவிடும். குழி மூன்றடிக்கு மூன்றடி. மணலுடன் செம்மண், நன்கு மக்கிய தொழுவுரம், அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். மக்காத சாணம் சூடேறி வேரைக் கருக்கும். வேரும் தண்டும் சேரும் கழுத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. இரண்டு பக்கமும் குச்சி நட்டுத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். முதல் வருடம் குடிநீரையே ஊற்றுங்கள்.

கேள்வி: நாகலிங்க மரம் வைக்க ஆசை. 30க்கு 40 மனை, வாசலில் கார் நிற்கும். (வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: நாகலிங்கப்பூ புதுச்சேரியின் மாநில மலர், ஆசை புரிகிறது. ஆனால் பீரங்கிக் குண்டுபோன்ற காய் காரின்மேல் விழும், உடைந்து அழுகினால் நாறும். கோயில் பிரகாரத்துக்கும் பூங்காவுக்கும் ஏற்ற மரம் அது.

சரக்கொன்றை வையுங்கள். சித்திரை, வைகாசியில் மஞ்சள் சரம் தொங்கும். மழைக்காலத்தில் பச்சைப் புழு இலையைத் தின்னும். மருந்தடிக்க வேண்டாம், பட்டாம்பூச்சியாகிப் பறந்துவிடும், இலையும் மறுபடி துளிர்க்கும். செப்டிக் டேங்க், சம்ப் இரண்டிலிருந்தும் பத்தடி தள்ளி நடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சக்கொன்றையைச் சரக்கொன்றை என்று கொடுத்துவிடுவதுண்டு. சரக்கொன்றையின் சிற்றிலை உள்ளங்கை நீளம், நுனி கூராக இருக்கும், ஒரு காம்பில் நான்கு முதல் எட்டு ஜோடி. மஞ்சக்கொன்றையின் சிற்றிலை விரல் நீளம்தான், நுனி மழுங்கியிருக்கும்.

கேள்வி: வேறு மரத்தைக் கொடுத்துவிட்டால் புகார் செய்ய முடியுமா? (அதே வாசகர்)

பதில்: முடியும், பில்லில் மரத்தின் பெயர் எழுதியிருந்தால். ‘செடி 1’ என்று போட்ட பில் உதவாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே போக இரண்டு ஆண்டுதான் கெடு. விதைக்கன்று பூக்க அதைவிட அதிக காலம் ஆகும். பூ வரட்டும் என்று காத்திருக்காமல், பணம் கொடுக்கும் முன்பே இலையைப் பார்த்துவிடுங்கள்.