நடுத்தர வருமானக்காரர்கள் ஒயின் சேகரிப்பது எப்படிக் கட்டுப்படியாகிறது?

பெரும்பாலோர் முதிர்ந்த ஒயினை வாங்குவதே இல்லை. இளசாக, மலிவாக வாங்கி வீட்டில் வைத்து முதிர விடுகிறார்கள். பிரான்சின் போர்டோ பகுதியில் ஒயின் பீப்பாயில் கிடக்கும்போதே பணம் கட்டிவிடலாம்; பாட்டில் கைக்கு வரச் சுமார் இரண்டு ஆண்டுகள் ஆகும். அங்கெல்லாம் இரண்டு பெட்டி வாங்கி, விலை ஏறியதும் ஒன்றை விற்று மற்றதன் செலவைச் சரிக்கட்டுவோரும் உண்டு. இங்கே அதை நினைக்கவே வேண்டாம், உரிமமின்றி மது விற்பது குற்றம்.

சேலத்துக்காரர்களுக்குப் பெரிய செலவு வெயில்தான். ஒயினுக்கு உகந்தது 12, 13 டிகிரி. சித்திரை வெயிலில் என் மாடி அறையில் ஒரு பாட்டிலின் தக்கை மெல்ல மேலெழுந்து, கழுத்தோரம் கருஞ்சிவப்பாய்க் கசிந்திருந்தது. மனம் ஆறவே இல்லை. இப்போது சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில், நண்பர் வீட்டு வடக்குச் சுவரோரப் பீரோவில் படுக்கவைத்திருக்கிறோம். தக்கை காயாமலிருக்க அப்படித்தான் வைக்க வேண்டும்.

விலை உயர்ந்ததைத் தனியாக வாங்காதீர்கள். எட்டுப் பேர் பங்கு போட்டால் 750 மில்லியில் ஆளுக்குத் தொண்ணூறு மில்லிக்கு மேல் வரும். ருசி அறிய அது தாராளம்.