மேடைப் பேச்சில் எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நண்பர்கள் மூவர் சேர்ந்து ரியூட்டரிகளுக்கான (தனியார் கல்வி நிலையங்களுக்கான) செயலி செய்திருக்கிறோம். வரவுப் பதிவு, மாதக் கட்டணம், பெற்றோருக்கு வட்ஸ்அப் தகவல் எல்லாம் உண்டு. தொழில்முனைவோர் உரைகள் நிறையக் கேட்டுக் குழம்பிப்போனோம். வேகமாக வளரச் சொல்கிறார் ஒருவர், இலவசமாகக் கொடுத்து ஆள் சேர்க்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: பேசுபவர் யாருடைய காசில் தொழில் நடத்தினார் என்று முதலில் பாருங்கள். புதுத் தொழில்களுக்கு முதலிட்டு வளர்த்துவிடும் அமெரிக்க நிறுவனமான ஒய் கொம்பினேற்றர் 2022 முதல், தான் தெரிவுசெய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் 5 இலட்சம் டொலர் முதலிடுகிறது. அப்படி வாங்கியவருக்கு வேகம் கட்டாயம். அடுத்த முதலீடு வளர்ச்சியைப் பார்த்தே வரும். நீங்கள் வீட்டுச் சேமிப்பில் நிற்கிறீர்கள் என்றால் இலவசம் வேண்டாம். சும்மா கொடுத்தால் ரியூட்டரிக்காரர் மறுக்கவும் மாட்டார், பாவிக்கவும் மாட்டார்.

'வாடிக்கையாளரோடு பேசு' என்பது எங்கும் பொருந்தும். பிழை வருவது கேட்கும் விதத்தில்தான். "இப்படி ஒண்டு வந்தால் பாவிப்பீங்களோ சேர்?" என்றால் "ஓம் தம்பி, நல்ல விசயம்" என்பார்கள், முகத்துக்கு நேரே இல்லை என்பது எங்கள் வழக்கமில்லை. நடந்ததைக் கேளுங்கள்: "போன மாசம் காசு கட்டாத பிள்ளைகளை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? அந்தக் கொப்பியை ஒருக்காப் பாக்கலாமோ?" உங்கள் திரையில் இல்லாததெல்லாம் கொப்பியில் இருக்கும்: அரைக்கட்டணப் பிள்ளை, சகோதரச் சலுகை, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டியவர், கட்டணத்தில் ஆசிரியருக்குப் போகும் வீதம். அரைக்கட்டணத்தைப் பதிய இடமில்லாவிட்டால் காசு வாங்குபவர் முதல் கிழமையே கொப்பிக்குத் திரும்பிவிடுவார். இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: வகுப்பில் எத்தனை பேர் என்ற சரியான கணக்கு ஆசிரியர் கண்ணில் படுவதைச் சில உரிமையாளர்கள் விரும்பமாட்டார்கள். யாருக்கு எந்தத் திரை தெரியவேண்டும் என்பதை உரிமையாளரே தீர்மானிக்க விடுங்கள். பேச்சு முடிவில் முதல் மாதக் காசைக் கேளுங்கள். "பிறகு பாப்பம்" என்றால் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. உங்கள் மாதச் செலவு 1,50,000 ரூபா, ஒரு ரியூட்டரி மாதம் 2,500 ரூபா தருகிறது என்று வையுங்கள். கையைக் கடிக்காதிருக்க 60 ரியூட்டரிகள் வேண்டும். பிள்ளைகளின் பெயர்களை ஏற்றி, ஆளைப் பழக்கி, கிழமைக்கு இரண்டைத்தான் சேர்க்க முடியுமென்றால் 30 கிழமை, அதாவது ஏழு மாதம். வருமானம் சீராக ஏறினாலும் அதுவரை விழும் துண்டு ஏறத்தாழ ஐந்தேகால் இலட்சம். இடையில் விலகுவோரையும் உயர்தரப் பரீட்சை முடிந்து வகுப்புகள் வெறுமையாகும் மாதங்களையும் நினைத்து எட்டு இலட்சமாவது ஒதுக்குங்கள். இந்தக் கணக்கு கையில் இருந்தால் முதலீடு வேண்டுமா என்ற கேள்விக்கு உரை கேட்கத் தேவையில்லை.

உரைகளில் ஒரு வரியில் கடந்துபோவதும், நண்பர்கள் கதைக்கக் கூச்சப்படுவதும் பங்குப் பிரிவினை. மூவரில் ஒருவருக்குக் கனடா விசாவோ கொழும்பில் வேலையோ கிடைப்பது இங்கே புதினமல்ல. பங்கை 48 மாதத்தில் படிப்படியாக உரித்தாக்குங்கள். முதல் 12 மாதத்துக்குள் போனால் ஒன்றுமில்லை. 30 வீதம் பேசியவர் 18ஆம் மாதம் விலகினால் 30ஐ 48ஆல் வகுத்து 18ஆல் பெருக்க, 11.25 வீதம் அவருக்கு. மிச்சம் நிறுவனத்துக்குத் திரும்பும். வாய்ப்பேச்சு போதாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதியும்போதே, சட்டத்தரணியைக் கொண்டு அமைப்பு விதிகளிலும் பங்காளர் ஒப்பந்தத்திலும் இதை எழுதுவியுங்கள். இணைய முகவரி, பிளே ஸ்ரோர் கணக்கு, நிரல் வைத்திருக்கும் இடம் மூன்றையும் அதே நாளில் கம்பனியின் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல் இருவரிடமாவது இருக்கச் செய்யுங்கள்.