பிளக் இருப்பது வெள்ளவத்தையில், அதன் நேரம் டொரொன்டோவில்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறேன். கனடாவிலிருந்து வந்து நின்ற மகன், பயணத்துக்கு முதல் நாள் இரவு புறக்கோட்டையில் வாங்கிய, கைத்தொலைபேசிச் செயலியில் நேரம் குறித்து வைக்கக்கூடிய ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் சாமியறை விளக்குக்கு மாட்டிவிட்டுப் போனான். காலை ஐந்தரைக்கு எரிந்து ஏழு மணிக்கு அணைய வேண்டும். இன்றுவரை ஒரு காலையும் எரிந்ததில்லை. பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. மகனோ, தன்னுடைய செயலியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறான். வேலைக்கு வரும் பெண் பின்னேரங்களில் விளக்கு வீணாக எரிவதாகச் சொல்கிறாள். நான்தான் அணைக்க மறந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

பதில்: அம்மா, உங்களுக்கு மறதி இல்லை. கடிதத்தில் தொலைபேசி இலக்கமும் இருந்ததால் அழைத்தேன். நல்லவேளை, வேலைக்கு வரும் அந்தப் பெண்தான் எடுத்தார். எத்தனை மணிக்கு எரிகிறது என்று கேட்டேன். “ஒக்டோபரில் மூன்று மணிக்கு எரிந்தது ஐயா, இப்போது நாலு மணிக்குத்தான் எரிகிறது” என்றார். நாற்பது வருடம் மின்வேலை பார்த்தவனுக்கு இவ்வளவு துல்லியமான சாட்சி அடிக்கடி கிடைப்பதில்லை.

டொரொன்டோவில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். கோடையில் டொரொன்டோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். நவம்பரிலிருந்து மார்ச் வரை பத்தரை. அங்கே விடிகாலை ஐந்தரை என்றால் இங்கே முன்பு மூன்று மணி, இப்போது நாலு மணி. விளக்கு ஒரு நாளும் தவறாமல் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மகனுடைய ஊரின் விடியலுக்கு எரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மகன் தன்னுடைய கணக்கில் பிளக்கைச் சேர்த்திருக்கிறார். அந்தக் கணக்கில் ‘வீடு’ என்று பதிவாகியிருப்பது அவருடைய டொரொன்டோ வீடு. அவர் செயலியைத் திறந்தால் 5.30 என்றுதான் காட்டும். அதனால் சரியாக இருக்கிறது என்கிறார். அவரைத் திட்டாதீர்கள். செயலியில் கொழும்பை முகவரியாக வைத்து இன்னொரு வீட்டை உருவாக்கி, பிளக்கை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். சில செயலிகளில் பிளக்கின் அமைப்புக்குள்ளேயே நேர வலயம் என்று தனியாக இருக்கும்; அங்கேயும் கொழும்பு இருக்க வேண்டும். பிறகு பழைய அட்டவணையை அழித்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். திருத்துவதைவிட அழித்து எழுதுவது நல்லது என்பது என் அனுபவம். எழுதும்போது ‘ஒருமுறை மட்டும்’ என்று விட்டுவிடாமல் ஏழு நாட்களையும் தெரிவு செய்ய வேண்டும்.

உடனே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இப்போதிலிருந்து மூன்று நிமிடம் தள்ளி ஒரு நேரத்தைக் கொடுத்துவிட்டு, பிளக்கின் அருகில் காதை வைத்துக்கொண்டு நில்லுங்கள். உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ‘டக்’ என்று சொன்னால் நேரம் சரி.

சரியாக அரை மணித்தியாலம் முந்தி எரிகிறது என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். அவர் நேர வலயப் பட்டியலில் கொழும்புக்குப் பதிலாக, நம்மைவிட அரை மணித்தியாலம் முந்திய டாக்காவைத் தொட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிக்க நம் நாட்டுக் கடிகாரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அந்த ஒன்பதரை வருடமும் டாக்காவின் நேரம்தான் கொழும்பின் நேரம். கலியாண அழைப்பிதழில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் ‘பழைய நேரம்’ என்று போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். மீன்தொட்டியின் விளக்குக்கும் காற்றுப் பம்புக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட் பிளக். மின்சாரம் போய் வரும் நாட்களில் மட்டும் அட்டவணை ஓடுவதில்லை. மீன்கள் பாவம்.

பதில்: தம்பி, அந்தப் பிளக்குகளின் கடிகாரத்துக்கு மின்கலம் கிடையாது. மின்சாரம் போனதும் நேரம் மறந்துபோகும். வந்ததும் இணையத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். என் வீட்டில் பிரதான ஆளியை அணைத்துப் போட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். பிளக் பத்து விநாடியில் விழித்துக்கொண்டு நீல விளக்கைச் சிமிட்டியது. கண்ணாடி அலுமாரியின் மேலே இருக்கும் ரவுட்டர் இணையத்தைப் பிடிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அந்த மூன்று நிமிடமும் பிளக்குக்கு நேரம் தெரியாது. இடையில் ஆறு மணி வந்து போனால் போனதுதான். பெரும்பாலான பிளக்குகள் தவறிய வேலையைப் பிறகு செய்வதில்லை.

ஆகவே ஆறு மணிக்கு ‘எரி’ என்று எழுதியிருந்தால், 6.10க்கும் 6.30க்கும் அதையே திரும்ப எழுதுங்கள். எரிகிற விளக்குக்கு எரி என்று சொல்வதால் ஒரு நட்டமும் இல்லை. அணைப்பதற்கும் இப்படியே. ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் இருக்கும் அந்தச் சிறு பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

காற்றுப் பம்புக்கு அட்டவணையே வேண்டாம். மின்சாரம் திரும்பியதும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்கும் ஓர் அமைப்பு செயலியில் இருக்கும். அதில் ‘எரி’ (ON) என்று வைத்துவிடுங்கள். இஸ்திரிப்பெட்டிக்கோ சூடாக்கிக்கோ அப்படி வைத்துவிடக் கூடாது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் என்று சொல்லி நாடு முழுவதும் மின்சாரம் போனதே, அன்று ஆளில்லாத வீட்டில் அப்படி ஒரு இஸ்திரிப்பெட்டி காத்துக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: தெஹிவளை. ரைஸ் குக்கரை ஸ்மார்ட் பிளக்கில் போட்டு வேலைக்குப் போகிறேன். பிளக் மாலை ஐந்துக்கு வேலை செய்கிறது என்று செயலி சொல்கிறது. வீட்டுக்கு வந்தால் சோறு இல்லை, ஊறிய அரிசிதான் இருக்கிறது.

பதில்: தங்கச்சி, பிளக் பொய் சொல்லவில்லை. மின்சாரம் குக்கருக்குப் போகிறது, ஆனால் குக்கரின் நெம்பைக் கீழே அழுத்த ஆள் இல்லை. கையால் அழுத்தும் பழைய வகை என்றால், பிளக்கை அணைத்து வைத்துவிட்டு நெம்பை அழுத்திப் பாருங்கள். கீழேயே நின்றால் உங்கள் திட்டம் பலிக்கும். தொடுதிரை உள்ள வகை என்றால் பலிக்காது, அதன் உள்ளேயே இருக்கும் நேரக்குறியைப் பயன்படுத்துங்கள். எப்படியானாலும் காலையில் கழுவி வைத்த அரிசி கொழும்பு வெக்கையில் மாலை ஐந்து மணிக்குள் புளித்துவிடக்கூடும். உங்களிடம் இருப்பது பழைய வகை என்றால் வந்து அரிசியைக் கழுவிப் போட்டு நெம்பை அழுத்திவிட்டு முகம் கழுவுங்கள், அரை மணித்தியாலத்தில் சோறு தயார்.